கடலோர நகரத்துக்குக் குடிபோகும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். இன்று கேட்பது குடும்ப விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்குக் கடலோர நகரம் ஒன்றுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது. நாங்கள் இப்போது இருப்பது கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, வறண்ட மேட்டுநிலத்தில். இங்கே கோடையில் 38 டிகிரி சர்வசாதாரணம். போகப்போகும் ஊரில் அதிகபட்சமே 33தான் என்று போனில் பார்த்தேன். அதனால் வெயிலைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைக்கிறேன்.

எங்களுடன் வருவது 74 வயது அப்பாவும் 6 வயது மகளும். அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. கணவருக்குக் கடலைப் பார்த்த மாதிரி ஃப்ளாட் வேண்டும். அப்பாவுக்காகத் தரைத்தளமே நல்லது என்கிறேன் நான். சொந்தமாகவே வாங்கிவிடலாமா என்றும் பேச்சு ஓடுகிறது. நீங்கள் நெடுங்காலம் கடலோரத்தில் வாழ்பவர் என்பதால் கேட்கிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லதாகப் போயிற்று. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 38, 33 கணக்குதான். அதை நம்பித்தான் நிறையப் பேர் மூட்டை கட்டுகிறார்கள். கடலோரத்தில் எதைப் பார்த்தாலும் அதில் நீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்றில் எவ்வளவு, சுவரில் எவ்வளவு, நிலத்துக்கடியில் எப்படி, மழையன்று தெருவில் எவ்வளவு உயரம் என்று. வெயில் அதற்கு அப்புறம்தான்.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை காய்வதால். வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், காயாது, சூடு உள்ளேயே நிற்கும். இதை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஓர் அளவு இருக்கிறது. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்று வீசவிட்டால் அது எதுவரை குளிர்கிறதோ அந்த எண். நீங்கள் இருக்கும் இடத்தில் 38 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் ஏறத்தாழ 21தான் வரும். போகும் ஊரில் 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 28ஐத் தொட்டுவிடும். அதாவது போனில் 5 டிகிரி குறைவாகத் தெரியும் ஊர், உங்கள் அப்பாவின் உடம்புக்கு அதிகக் கடினமான ஊர்.

ஈரக்குமிழ் 35ஐத் தாண்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனித உடல் நெடுநேரம் தாங்காது என்பது பழைய கணக்கு. 2022இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், இளம் வயது ஆரோக்கியமானவர்களுக்கே ஏறத்தாழ 31லேயே உடல் சூடு கட்டுக்கு மீறி ஏறத் தொடங்கியது. முதியவர்களின் எல்லை இன்னும் கீழே. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 28க்கும் 31க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போனில் ஈரப்பதச் சதவீதத்தைப் பார்த்தும் ஏமாறலாம். காலையில் 90, மதியம் 60 என்று காட்டும். மதியம் காற்று உலர்ந்துவிட்டது என்று தோன்றும். நீரின் அளவு பெரும்பாலும் மாறியிருக்காது. சூடான காற்று அதிக நீரைத் தாங்கும் என்பதால் சதவீதம் மட்டும் இறங்குகிறது. அதனால் டியூ பாயிண்ட் என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள், காற்றை எத்தனை டிகிரிவரை குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ அந்த எண். பல வானிலைச் செயலிகளில் இருக்கும். அது 24க்கு மேல் நின்றால் புழுக்கம் கடுமை. நான் சொன்ன 33 டிகிரி, 70 சதவீதத்தில் அது கிட்டத்தட்ட 27. உங்கள் மேட்டுநிலத்தில் 11 அளவில்தான் இருக்கும்.

அடுத்தது இரவு. வறண்ட ஊரில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி இறங்கிவிடும். நிலம் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறும். கடல் அப்படி ஆறாது. கூடவே ஈரமான காற்று, நிலத்திலிருந்து மேலே போகும் வெப்பத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். புழுக்க மாதங்களில் விடியற்காலையிலும் 27, 28க்குக் கீழே போகாத கடலோர நகரங்கள் உண்டு. பகல் முழுக்கச் சூட்டோடு போராடிய உடம்பு இரவில்தான் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு பல நாள் கிடைக்காமல் போகும்போதுதான் வயதானவர்கள் விழுந்துவிடுகிறார்கள். எனவே அதிகபட்ச வெப்பநிலையைப் பார்த்தது போலவே குறைந்தபட்சத்தையும் மாதவாரியாகப் பாருங்கள்.

அப்பாவின் மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் பிரிய வைப்பவை. அதிகம் வியர்க்கும் ஊரில் அவற்றின் அளவை மாற்ற வேண்டி வரலாம். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வயதானால் தாக உணர்வு மங்கும். கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் நேரம் வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அதிலும் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அளவு வேறு. சூட்டில் இருந்தவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், தடுமாறினால், களைப்பு என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீராலும் விசிறியாலும் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உடம்பு பழகாதா என்றால், பழகும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். உங்களுக்கும் கணவருக்கும் மகளுக்கும் இது பெரிய உதவி. ஆனால் நாள் முழுக்க ஏசி அறையிலேயே இருந்தால் பழக்கம் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இருந்து பழகுங்கள். அப்பாவை மட்டும் இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். அவருக்கு ஏசி உள்ள ஓர் அறை கட்டாயம் வேண்டும். பெரிய ஏசி நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் அறைக்குப் பொருத்தமான அளவே வாங்குங்கள். தேவைக்கு மீறிப் பெரியது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் இருக்காது. அறை சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு அப்படியே இருக்கும்.

இனி கணவரின் கடல் பார்த்த ஃப்ளாட். ஆசை எனக்குப் புரிகிறது, கடலைத் தினமும் பார்ப்பது பெரிய சந்தோஷம். ஆனால் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் துகளாகக் காற்றில் வரும். அதில் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடுகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றின் நீரை இழுத்துத் தானே கரையும். கடலோர இரவுகளில் அது தினசரி நடப்பது. ஆக, கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் உங்கள் ஜன்னல் கீல், பால்கனிக் கம்பி, ஏசியின் வெளிப்பகுதி, ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருக்கும். இதைவிடக் கவலை கான்கிரீட்டுக்குள் நடப்பது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கம்பி உப்பிக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது புதுப் பெயிண்டைப் பார்க்காதீர்கள். பால்கனியில் நின்று மேல்வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். நேர்கோடாக ஒரு விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தால் அங்கே கம்பி துருப்பிடித்திருக்கிறது. ஒரு தடியால் கூரையைத் தட்டுங்கள். திடமான இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பெயர்ந்திருக்கும் இடம் உள்ளே காலியாக இருப்பது போல ஒலிக்கும். மொட்டைமாடிக்கு ஏறி அங்கிருக்கும் பழைய ஏசிகளின் அலுமினியத் தகடுகளை விரலால் லேசாகத் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால், அந்தக் கட்டடத்துக்கு வரும் உப்புக் காற்றின் அளவு தெரிந்துவிடும். அதே தெருவில் ஒரு வரிசை உள்ளே தள்ளியிருக்கும் கட்டடத்தையும் பார்த்து ஒப்பிடுங்கள்.

என் கருத்து, முதல் வரிசை வேண்டாம். கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருங்கள், கடல்காற்று கிடைக்கிற மாதிரி இருங்கள். கடல்காற்று என்பது பகலில் நிலம் கடலைவிடச் சூடாகி, அந்தச் சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப வருவது. அது நண்பகலை ஒட்டித் தொடங்கும். நிலத்திலிருந்து வீசும் காற்று பலமாக இருக்கும் நாட்களில் தாமதமாகும், அன்றுதான் வெக்கை உச்சத்துக்குப் போகும். அதனால் வீட்டைக் காலை 10 மணிக்குப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். பிற்பகல் 3 மணிக்குப் போய் எல்லா ஜன்னலையும் திறந்து, காற்று உள்ளே வந்து மறுபக்கம் வெளியேறுகிறதா என்று நின்று பாருங்கள். முன்னால் உயரமான கட்டடம் வந்துவிட்டால் கடல் 300 மீட்டரில் இருந்தும் காற்று வராது. பக்கத்தில் காலிமனை இருந்தால் அதையும் யோசியுங்கள்.

தரைத்தளம் விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. வெதுவெதுப்பான கடல்தான் புயலுக்குத் தீனி. கடல்மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் இருக்கும் இடங்களில்தான் வெப்பமண்டலப் புயல்கள் பெரும்பாலும் உருவாகின்றன. புயலில் அதிகம் பேரைக் கொல்வது நீர். காற்று கடலைக் கரைமேல் தள்ளிக்கொண்டு ஏறுவதைப் புயல் அலையேற்றம் என்பார்கள். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், புயலே இல்லாமலும் நீர் தேங்கும். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகாலின் வாயைக் கடல்நீர் அடைத்துக்கொள்ளும். மழைநீர் போக வழியின்றித் தாழ்ந்த தெருக்களில் நிற்கும். நடக்க முடியாத ஒருவருடன், இரவில், தண்ணீர் வாசல் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் முதல் மாடி. மின்சாரம் போனாலும் அப்பாவை மெதுவாக இறக்கிவிட முடியும். பார்க்கப் போகும்போது மின்மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தத் தெருவில் எல்லோரும் தலைக்கு மேலே மாட்டியிருந்தால் காரணம் இருக்கும். வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா, சுவரில் நீர்மட்டக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். கீழ்த்தளத்தில் நெடுநாள் இருப்பவரிடம் "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

குடிநீரையும் விசாரியுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் இருக்கும் என்பது நூறாண்டுக்கும் மேலான கணக்கு. அதாவது மேலே கொஞ்சம் உறிஞ்சினாலும் கீழிருந்து உவர்நீர் நிறைய ஏறும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆழ்துளை போட்டு இழுக்கும் பகுதியென்றால், மழைக்காலத்தில் இனிக்கும் தண்ணீர் கோடையில் கரிக்கலாம். வறட்சி மாதத்தில் தண்ணீர் எப்படி, லாரி வருகிறதா என்று கேளுங்கள்.

மகளுக்கு இரண்டு விஷயம். டெங்கு கொசு பகலில் கடிக்கும், வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம், கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம் பல சமயம் உள்ளிழுக்கும் நீரோட்டத்தின் பாதை. கணுக்கால் அளவு தண்ணீரிலும் குழந்தையின் கையை விட வேண்டாம்.

வாங்குவதைப் பற்றி. கடல்மட்டம் 1901இலிருந்து 2018வரை உலக சராசரியில் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. அதில் 2006இலிருந்து 2018வரை வேகம் கூடி வருடத்துக்கு 3.7 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சி நிலமே தாழும் ஊர்களில் இதைவிட வேகம். வாடகைக்கு இருப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை, 20 வருடக் கடனில் வாங்குபவருக்குக் கவலைதான். ஒரு வருடம் முழுக்க வாடகைக்கு இருங்கள். எல்லாப் பருவத்தையும் பார்த்த பிறகு எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. அந்த ஊரின் மோசமான மாதம் எது என்று விசாரித்து, அந்த மாதத்தில் இரண்டு இரவு போய்த் தங்குங்கள். குளிர்காலத்தில் போனால் எல்லாக் கடலோர நகரமும் பிடித்துவிடும். மருத்துவர் சரி என்றால் அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவருக்கு ஏசி அறையாக எடுங்கள். நீங்களும் கணவரும் ஓர் இரவு மின்விசிறியோடு மட்டும் படுத்துப் பாருங்கள், மின்சாரம் போகும் நாளில் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். வந்த பிறகு எழுதுங்கள், பார்த்த வீடுகளின் விவரத்தையும் சேர்த்து.

அன்புடன்.