காயத்தை போனில் காட்டினால் போதுமா?

கேள்வி: ஏற்காடு தாலுகாவில், நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. பித்தப்பைக் கல்லுக்காக சேலத்தில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கினாலே அப்பாவுக்கு வாந்தி வரும். வீடியோ காலில் காட்டினால் போதாதா? அடுத்த மாதம் அம்மாவுக்குத் தொப்புள் குடலிறக்க ஆபரேஷன் இருக்கிறது. அதற்கான பரிசோதனையையும் போனிலேயே முடிக்க முடியுமா? ஆபரேஷனையே தூரத்திலிருந்து செய்கிறார்கள் என்றும் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அப்பாவின் எட்டாம் நாள் பார்வையைப் பெரும்பாலும் வீடியோவிலேயே முடித்துக்கொள்ளலாம். முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, போட்டிருப்பது கரையும் தையலா, பிரிக்க வேண்டிய தையலா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் வார்டுக்கு போன் போட்டுக் கேளுங்கள். கரையும் தையல் என்றால் கீழே இறங்க அவசரமில்லை. பிரிக்க வேண்டிய தையல் அல்லது ஸ்டேப்ளர் பின் என்றால், வயிற்றில் 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள். அதற்கும் சேலம்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தையலை எடுத்துவிடலாம். பின் என்றால் அதை எடுக்கும் கருவி அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி போட்டோ. பாதி வீடியோ ஆலோசனைகள் சொதப்புவது இங்கேதான். காயம் நன்றாகவே இருக்கும், படம் மோசமாக இருக்கும். டியூப்லைட்டுக்கு அடியில் படுக்கவைத்து, மொபைலை வயிற்றுக்கு நேர் மேலே பிடித்தால் உங்கள் கையின் நிழலே காயத்தில் விழும். பிளாஷ் போட்டால் ஈரம் பளபளத்து, சீழா தண்ணீரா என்று பிரிக்க முடியாது. ஜன்னலோரம் அல்லது திண்ணையில், பகல் 10 மணிக்கு மேல், வெயில் நேராகப் படாத இடத்தில் எடுங்கள். மூடுபனி நாள் இதற்கு அருமையானது, நிழலே விழாது. லென்ஸில் மட்டும் ஈரம் படிந்திருக்கும், வேட்டி முனையால் துடைத்துவிட்டு எடுங்கள்.

இந்த ஆபரேஷனில் வழக்கமாக நான்கு துளைகள் இருக்கும். தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் சிறியதாக இரண்டு. முதலில் நான்கும் தெரியும்படி ஓரடி தூரத்திலிருந்து ஒரு படம். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் தூரத்தில் தனித்தனிப் படம். அதைவிடக் கிட்டே போனால் போகஸ் போய்விடும். காயத்தின் பக்கத்தில், தொடாமல், ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள். அளவு அதில் தெரியும். தினமும் அதே நேரம், அதே இடம், அதே நாணயம் என்று எடுத்தால் டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தனியாக ஒரு படம் சொல்வது கொஞ்சம்தான். வரிசையாக நான்கு நாள் படம் இருந்தால் காயம் ஆறுகிறதா, புண்ணாகிறதா என்று பார்த்தவுடன் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மருத்துவமனை கொடுத்த எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள், குடும்ப குரூப்பில் போடாதீர்கள். ஆபரேஷன் தேதியையும் அப்பாவின் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் கூடவே எழுதுங்கள்.

நான்கு துளைகளில் அதிகம் தொல்லை கொடுப்பது தொப்புள்தான். குழிவாக இருப்பதால் வியர்வையும் அழுக்கும் அங்கே தங்கும். சர்க்கரை இருப்பவருக்கு இன்னும் கவனம் வேண்டும். நம் மாநிற, கறுத்த தோலில் ‘சிவப்பு’ படத்தில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் படத்தோடு கையையும் நம்புங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவி, புறங்கையை முதலில் காயத்திலிருந்து தள்ளி வையுங்கள், பிறகு காயத்தின் ஓரத்தில் வையுங்கள். ஓரம் சூடாக, கெட்டியாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். வீக்கம் இருந்தால் அதன் எல்லையைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். மறுநாள் வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால் அது பரவுகிறது. தையல் போட்ட இடத்தில் கிருமி தொற்றுவது பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள் தலைகாட்டும். அதனால் எட்டாம் நாள் ஒன்றை மட்டும் நம்பாமல் ஐந்தாம் நாளிலிருந்தே படம் எடுத்து வையுங்கள்.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வெளிக்காயத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கண். பித்தநீர் கசிந்தாலோ, பித்தக்குழாயில் கல் தங்கியிருந்தாலோ கண் மஞ்சளாகலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லோர் கண்ணும் மஞ்சள்தான், அதை வைத்து பயந்து சேலம் ஓட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அப்பாவைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி, வெள்ளைவிழியின் மேல்பகுதியைப் படம் எடுங்கள். கன்னத்தை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாள் வெள்ளையாகவும் கண் மஞ்சளாகவும் படத்தில் வந்தால் அது மெய்யான மஞ்சள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதும், மலம் களிமண் போல வெளுத்துப் போவதும் அதே கதையைச் சொல்லும்.

வலது தோள்பட்டை வலிக்கிறது என்று முதல் இரண்டு மூன்று நாள் அப்பா சொல்லியிருப்பார். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ஏற்றும் வாயுவால் வருவது அது, தானாகப் போகும். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் சில வாரம் மலம் இளகிப் போவதும் உண்டு. இவை இரண்டுக்கும் அவசர அழைப்பு தேவையில்லை.

கால் வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: காய்ச்சல், நாடித்துடிப்பு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை. காய்ச்சலை பாரசிட்டமால் போடுவதற்கு முன் பாருங்கள். போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து ‘காய்ச்சல் இல்லை’ என்பது மாத்திரையின் பதில். மூச்சை எண்ணும்போது எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மாற்றி விடுவார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வைத்திருந்தால் ஒரு விஷயம்: நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் 98 காட்டியவருக்கு அங்கே 95, 96 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. குளிரில் விறைத்த விரலும் மருதாணி வைத்த நகமும் பொய் சொல்லலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, நிலையாக நிற்கும் எண்ணை எழுதுங்கள். ஆபரேஷனுக்கு முன் வீட்டில் எவ்வளவு காட்டியது என்று தெரிந்திருந்தால் ஒப்பிட வசதி. அம்மாவுக்கு இப்போதே பார்த்து எழுதி வைத்துவிடுங்கள்.

சிக்னல் பற்றி உங்களுக்கே தெரியும். வீட்டில் எந்த மூலையில் கிடைக்கிறது என்று முந்தைய நாளே பாருங்கள். வீடியோ அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இருவரும் மாற்றி மாற்றி அழைத்து ‘பிஸி’ கேட்டே பத்து நிமிடம் போகும். அப்பா கட்டிலிலிருந்து எழுவது, பத்தடி நடப்பது, வயிற்றில் கை வைத்து இருமுவது ஆகியவற்றை 30 வினாடி வீடியோவாக எடுத்து, சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய் முன்பே அனுப்பிவிட்டால், பிறகு வெறும் குரல் அழைப்பே போதும். முகம் சுளிக்காமல் எழுகிறாரா என்பது வயிற்றைப் பற்றி நிறையவே சொல்லிவிடும்.

எப்போது போனைக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிட வேண்டும்? வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், வயிறு உப்பிக் கல்லாக இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், கண் மஞ்சளானால், குளிர்நடுக்கத்தோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், சும்மா இருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினால், துளையிலிருந்து சீழோ பச்சை கலந்த மஞ்சள் நீரோ வந்தால், சிறுநீர் பிரியாவிட்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம், 108 அழையுங்கள். வயிறு கெட்டியாக இருக்கிறதா, எங்கே தொட்டால் துள்ளுகிறார் என்பதைக் கண்டுபிடிக்கக் கைதான் வேண்டும், எந்தக் கேமராவுக்கும் அது இல்லை. சந்தேகம் வந்து ‘நேரில் வாருங்கள்’ என்று டாக்டர் சொன்னால், அலைக்கழிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டிக்கழிக்கும் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

மலையில் இருப்பவர்கள் இதில் ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாகலூரிலிருந்து ஏற்காடு வருவது தனி. மழைக்காலத்தில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். சேலம் டவுனில் இருப்பவர் ‘ராத்திரி வரை பார்ப்போம்’ என்று இருக்கலாம், நீங்கள் இருக்கக் கூடாது. மாலை 4 மணிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் பனி இறங்குவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். டூவீலர் வேண்டாம். காரில் முன்சீட்டில், சீட்பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு மெத்தென்ற துண்டு வைத்து உட்காரட்டும். வாந்திக்கு மாத்திரை போடலாமா என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தையல் போட்ட வயிற்றோடு வளைவுக்கு வளைவு குமட்டுவது நல்லதல்ல.

மருந்துச் சீட்டு பற்றி. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, நேரில் பார்த்த அதே டாக்டரிடம், அதே நோய்க்கு, 6 மாதத்துக்குள் பேசினால் அது தொடர் ஆலோசனை. அதில் முந்தைய மருந்தோடு கூடுதல் மருந்தும் எழுதலாம். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆனால் போதை, மனமயக்க மருந்துப் பட்டியலில் உள்ளவற்றை வீடியோவில் எழுதவே முடியாது. டிரமடால் என்ற வலி மருந்து 2018 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டிஸ்சார்ஜில் அதைக் கொடுத்திருந்து, தீர்ந்தபின் ‘போனில் எழுதிக் கொடுங்கள்’ என்றால் நடக்காது. போனில் டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி அரசுச் சேவை நல்லதுதான். ஆனால் அதில் வருபவர் உங்கள் டாக்டராக இருக்க மாட்டார், வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அதில் பேசினால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எட்டாம் நாள் அழைப்பில் எல்லோரும் மறக்கும் ஒன்று உண்டு. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், அந்த பயாப்ஸி ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எப்போதாவது, வெளியே எந்த அறிகுறியும் காட்டாத புற்றுநோய் அதில்தான் தெரியவரும். ரிப்போர்ட்டை வாங்கிப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பி, ‘பார்த்தேன்’ என்று அவர் வாயால் கேட்டபின்தான் கோப்பில் வையுங்கள்.

தூரத்து ஆபரேஷன் உண்மைதான். 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்த ஜாக் மாரெஸ்கோ குழுவினர், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த பெண்ணுக்கு ரோபோ மூலம் எடுத்தது உங்கள் அப்பாவுக்கு எடுத்த அதே பித்தப்பையைத்தான். 2018 டிசம்பரில் குஜராத்தில் டாக்டர் தேஜஸ் படேல் 32 கிலோமீட்டர் தள்ளியிருந்து இதய ரத்தக்குழாய் அடைப்பை ரோபோ மூலம் சரிசெய்தார். ஏற்காடு - சேலம் தூரம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் நோயாளி படுத்திருந்தது முழு வசதியுள்ள மருத்துவமனையில், பக்கத்தில் டாக்டர்கள் நின்றிருந்தார்கள். மலை வீட்டுக்கு அது இறங்கி வராது.

அம்மாவுக்குப் பாதி வேலையைப் போனில் முடிக்கலாம். முன்கதை, பழைய ஆபரேஷன், மயக்க மருந்தில் முன்பு பட்ட தொல்லை, ஒவ்வாமை எல்லாம் பேசித் தீர்க்கலாம். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டுவதையும், கழுத்தை அண்ணாந்து காட்டுவதையும் மயக்க மருந்து டாக்டர் வீடியோவில் பார்க்கலாம். ஆடும் பல், கட்டிய பல் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஆனால் இதயத்தையும் நுரையீரலையும் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முறை நேரில் கேட்டே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, இந்தப் பார்வை மூன்றையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரே இறக்கத்தில் முடியும்.

சாப்பிடும் மாத்திரைகளை வாயால் சொல்லாமல் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். கடையில் நான்கு மாத்திரைக்காக அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பகுதி போய்விடுகிறது. ‘வெள்ளை மாத்திரை, பாதி’ என்பதை வைத்து யாரும் ஆபரேஷன் செய்ய முடியாது. அம்மாவுக்கும் சர்க்கரை இருந்து, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை போட்டால், வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே காட்டியபடி அமிலம் ஏறும் ஆபத்து அதில் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். நடுவில் குடலிறக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு.

காப்பித் தோட்டத்தில் இருக்கிறீர்கள், அதனால் இது. ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர், பால் சேர்க்காத கடுங்காப்பி பொதுவாகப் பரவாயில்லை. பால் சேர்ந்த காப்பி திட உணவுக் கணக்கு, 6 மணி நேரம் வேண்டும். விடியற்காலை கிளம்பும் அவசரத்தில் யாராவது ஒரு டம்ளர் பால்காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். முந்தைய இரவே சேலம் இறங்கித் தங்கிவிடுங்கள்.