தட்டில் எதிர்ப்பு, ஜீனோமில் ஜீன் இல்லை: பிழை எங்கே?

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபிலிருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் ஐந்து பேரிடம் கிடைத்த கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியாக்களை முழு ஜீனோம் சீக்வென்சிங்குக்கு வெளியே அனுப்பினோம். மூன்று நன்றாக வந்துவிட்டன. நான்காவதன் அளவு 83 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து), 900க்கும் மேல் கான்டிக் (ஒட்டிச் சேர்த்த டிஎன்ஏ துண்டு) என்கிறது அறிக்கை. ஐந்தாவது பாக்டீரியா, வளர்ப்புத் தட்டில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்புக் காட்டியது. ஆனால் அறிக்கையில் கார்பபெனமேஸ் (அந்த வகை மருந்தைச் சிதைக்கும் நொதி) ஜீன் எதுவுமே இல்லை. தட்டை நம்புவதா, சீக்வென்சிங்கை நம்புவதா?

பதில்: சீக்வென்சிங் இயந்திரம் குழாயில் இருந்ததைத்தான் படிக்கும். தட்டில் நீங்கள் பார்த்ததும் குழாய்க்குள் போனதும் ஒன்றுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவதை எடுத்துக்கொள்வோம். கிளெப்சியெல்லாவின் ஜீனோம் சுமார் 55 லட்சம் பேஸ். கிராம் பாசிட்டிவ் வகையைச் சேர்ந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குச் சுமார் 28 லட்சம். கூட்டிப் பாருங்கள், 83 லட்சம். இது வெறும் ஊகமா என்று சோதிக்க ஜிசி விகிதம் (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) போதும். கிளெப்சியெல்லாவுக்கு அது 57% அளவு, ஸ்டஃபைலோகாக்கஸுக்கு 33% அளவு. ரீடுகளின் (இயந்திரம் படித்த சிறு துண்டுகளின்) தரம் பார்க்கும் ஃபாஸ்ட்க்யூசி மென்பொருளின் ஜிசி வரைபடத்தில் ஒரே மேடு வர வேண்டிய இடத்தில் இரண்டு மேடு தெரிந்தால் கலப்பு கிட்டத்தட்ட உறுதி. எந்த இனம் என்பதை க்ராக்கன்2 என்ற மென்பொருள் சொல்லிவிடும். ஜீனோமின் தூய்மையை மதிப்பிடும் செக்எம் மென்பொருளில் கலப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த ஜீனோமை ஒதுக்கிவிடுவது வழக்கம்.

கலப்பு எங்கே நடந்தது? பலரும் கவனிக்காத இடம் மெக்கான்கி அகர், அதாவது கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கான வளர்ப்பு ஊடகம். அது கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை வளரவிடாது, ஆனால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. கொழகொழவென்று படர்ந்த கிளெப்சியெல்லா காலனிக்கு அடியில் ஸ்டஃபைலோகாக்கஸ் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலனியை நேராகத் தொட்டுத் திரவ ஊடகத்தில் போட்டால் தடை நீங்கிப் பெருகிவிடும். இரண்டு வகையும் வளரும் பிளட் அகரில் ஒருமுறை கோடிழுத்திருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் செல்சுவர், செல்லை உடைக்கப் பயன்படும் லைசோசைம் நொதிக்கு மசியாது. லைசோஸ்டஃபின் என்ற வேறு நொதி வேண்டும், அல்லது நுண்மணிகளோடு குலுக்கி உடைக்க வேண்டும். டிஎன்ஏ எடுத்தது சாதாரண கிராம் நெகட்டிவ் முறையில்தான், ஆனாலும் இரண்டு இனமும் ஒரே ஆழத்தில் (ஒவ்வொரு பேஸும் சராசரியாக எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது) படிக்கப்பட்டிருக்கிறது என்றால், டிஎன்ஏ எடுத்த பிறகே கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதே ஓட்டத்தில் வேறு யாருடைய ஸ்டஃபைலோகாக்கஸாவது இருந்ததா, நெகட்டிவ் கன்ட்ரோலில் (மாதிரி எதுவும் சேர்க்காத குழாயில்) எத்தனை ரீடு வந்தது என்று சீக்வென்சிங் செய்தவர்களிடம் கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள் கலந்தால் இவ்வளவு எளிதில் சிக்காது. அளவும் ஜிசியும் இயல்பாகவே இருக்கும். ரீடுகளை மாதிரி ஜீனோமோடு பொருத்தும்போது பல இடங்களில் 70க்கு 30 என்று இரண்டு எழுத்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

கணினியில் ஸ்டஃபைலோகாக்கஸ் ரீடுகளை நீக்கி ஒப்பேற்ற முடியும். ஆனால் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று பார்க்க வரையும் மரவரைபடத்தில் அந்த ஜீனோமைச் சேர்க்காதீர்கள். மறுபடி செய்வதே நல்லது: தடையில்லா ஊடகத்தில் தனிக்காலனி வரும்படி இருமுறை கோடிழுத்து, ஒரே ஒரு காலனியை 16 முதல் 18 மணி நேரம் வளர்க்கவும். உறையவைக்கும் இருப்பு (20% கிளிசரால், மைனஸ் 80 டிகிரி), மருந்து உணர்திறன் சோதனை, டிஎன்ஏ மூன்றும் அந்த ஒரே வளர்ப்பிலிருந்து போக வேண்டும். டிஎன்ஏ எடுக்கும்போது செல்களை அள்ளிப் போடாதீர்கள். கிளெப்சியெல்லாவின் உறைச் சர்க்கரை டிஎன்ஏவோடு வந்து பிசின்போல் நிற்கும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 2க்குக் கீழே சரியும். டிஎன்ஏ அளவை, ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியை வைத்து முடிவுசெய்யக் கூடாது. அது ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணும். டிஎன்ஏவோடு ஒட்டும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட் கருவி போதும். 50 மடங்கு ஆழத்துக்கு 27.5 கோடி பேஸ் தேவை; 150 பேஸ் நீள இரட்டை ரீடில் அது சுமார் 9.2 லட்சம் ஜோடி.

இனி ஐந்தாவது. சீக்வென்சிங்கை மறுபடி ஓட்டுவதற்கு முன், பாக்டீரியா மெரோபெனத்தைச் சிதைக்கிறதா என்று பார்க்கும் எம்-சிம் சோதனை செய்யுங்கள், செலவு மிகக் குறைவு. 1 மைக்ரோலிட்டர் வளையம் நிறைய பாக்டீரியாவை 2 மில்லி டிரிப்டிக் சோய் குழம்பில் கலக்கி, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் வில்லையைப் போட்டு, 35 டிகிரியில் 4 மணி நேரம் வைக்கவும். பிறகு வில்லையை எடுத்து, மெரோபெனத்துக்கு மடியும் ஈ.கோலை ஏடிசிசி 25922 ரகம் பரப்பிய முல்லர்-ஹின்டன் தட்டில் வைத்து, மறுநாள் அளக்கவும். வில்லையைச் சுற்றி ஈ.கோலை வளராத வட்டம் 6 முதல் 15 மி.மீ. என்றாலோ, 16 முதல் 18 மி.மீ. வட்டத்துக்குள் புள்ளிக் காலனிகள் வந்தாலோ, மருந்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. 19 அல்லது அதற்கு மேல், உள்ளே காலனியும் இல்லை என்றால் நொதி இல்லை. புள்ளிக் காலனி இல்லாத 16 முதல் 18 மி.மீ. வட்டம், அல்லது 19க்கு மேற்பட்ட வட்டத்துக்குள் புள்ளிக் காலனிகள் வந்தது, மறுபடி பார்க்க வேண்டியது.

நொதி இருந்தால், ஜீன் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த ஜீனைச் சுமந்த பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) கழன்றிருக்கும். மருந்தில்லாத ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் இது நடக்கும். மெரோபெனம் வில்லைக்கு அருகே வளர்ந்த காலனியிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். பிளாஸ்மிட் கழலாமல் ஜீன் இரண்டு கான்டிக்காக உடைந்தும் போயிருக்கலாம். எதிர்ப்பு ஜீன்களைத் தேடும் ரெஸ்ஃபைண்டர் மென்பொருளின் இயல்பு அமைப்பு 90% ஒற்றுமை, ஜீனின் 60% நீளம். உடைந்த துண்டு அதற்குள் வராமல் போகலாம். கான்டிக்கை விட்டு, மூல ரீடுகளை நேரடியாக ஜீனோடு பொருத்திப் பாருங்கள். அறிக்கை மட்டும் வந்திருந்தால் மூல ரீடுகள் உள்ள ஃபாஸ்ட்க்யூ கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.

நொதி இல்லையென்றால், கதவு சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஓம்ப்-கே35, ஓம்ப்-கே36 என்ற துளைப் புரதங்கள் வழியாகத்தான் மருந்து உள்ளே போகிறது. அவை கெட்டு, கூடவே வேறு பீட்டா-லாக்டம் மருந்துகளைச் சிதைக்கும் சிடிஎக்ஸ்-எம்-15 போன்ற நொதியின் ஜீன் இருந்தால், கார்பபெனமேஸ் இல்லாமலே எதிர்ப்பு வரும். அதே வகை மருந்தான எர்டாபெனத்துக்கு எதிர்ப்பு மெரோபெனத்தைவிடத் தூக்கலாக இருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். எதிர்ப்பு ஜீன்களை மட்டும் தேடும் மென்பொருள், 'இருக்கிற' ஜீனைத்தான் பட்டியலிடும். கெட்டுப்போன ஜீனைச் சொல்லாது. கிளெப்சியெல்லாவுக்கென்றே உள்ள க்ளெபொரேட் மென்பொருள் இந்த இரண்டு துளைப் புரதங்களையும் பார்க்கும்.

நீள ரீடு சீக்வென்சிங்குக்குப் போவதானால் ஓர் எச்சரிக்கை. ஆக்சா-232 போன்ற கார்பபெனமேஸ் ஜீன் சுமார் 6,000 பேஸ் மட்டுமே உள்ள குட்டி பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருக்கும். முழு வளையமாக இருப்பதில், இயந்திரம் படிக்கத் தேவையான அடாப்டர் என்ற சிறு டிஎன்ஏ துண்டை ஒட்ட முனையே கிடையாது; முனையில் அடாப்டரை ஒட்டும் லிகேஷன் கிட் அதைத் தவறவிடும். டிரான்ஸ்போசேஸ் என்ற நொதி வளையத்தை வெட்டி ஒட்டும் ரேபிட் கிட்டைக் கேளுங்கள்.