வாசகர் கேள்வி: முடிவு வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மே மாதத் தொடக்கத்தில் எழுதிய புள்ளியியல் தேர்வில், நேரம் போதாமல் 20 மதிப்பெண் கேள்வியொன்றை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை; நள்ளிரவு தாண்டியும் அறையில் விளக்கு எரிகிறது. "ரிசல்ட் வந்துடுச்சா?" என்று அவளுடைய பாட்டி தினமும் கேட்பதும், அவள் கதவைச் சாத்திக்கொள்வதும் வாடிக்கையாகிவிட்டது. "எல்லாம் நல்லபடியாக வரும்" என்றால், "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்கிறாள். செண்பக விநாயகருக்கு 108 தேங்காய் உடைப்பதாக வேண்டியிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, சகோதரி. நல்லபடியாக வரும் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். புள்ளியியல் படிக்கும் பெண்ணுக்குக் கணக்குத்தான் ஆறுதல் தரும்; ஆகவே ஒரு மாலை, ஒரு தாளை எடுத்து வைத்து, உங்களுக்குப் புரியும்படி அவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பாடத்தில் தேர்வுக்கு 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், விட்டுவந்த 20 மதிப்பெண்ணால் மொத்தத்தில் குறைவது 10தான். மீதிப் பாதி, பருவம் முழுவதும் செய்த ஒப்படைப்புகளிலும் சிறு தேர்வுகளிலும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சரி, மோசமாகவே நினைப்போம்: அந்தப் பாடத்தில் 'சி' விழுகிறது. அதற்கு ஐந்துக்கு 2 புள்ளி. ஒவ்வொன்றும் 4 யூனிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அளவு) கொண்ட 19 பாடங்களில் சராசரி 3.80 எடுத்திருப்பவருக்கு, 20ஆவது பாடத்தில் 'சி' வந்தால் ஜிபிஏ எனும் மொத்தச் சராசரிப் புள்ளி 3.71 ஆகும். 'டிஸ்டிங்ஷன்' ஹானர்ஸ் என்ற பட்டத் தரம் தொடங்கும் 4.00 கோட்டை ஒட்டி நிற்பவருக்கு இந்தச் சறுக்கல் வலிக்கும் என்பதை மறைக்க வேண்டாம். ஆயினும் இரவெல்லாம் மனத்தில் ஊதிப் பெருக்கிய பயத்தைவிட, தாளில் எழுதிய எண் எப்போதும் சிறியதாகவே இருக்கிறது.

தாமதத்துக்கும் காரணம் இருக்கிறது. விடைத்தாள்களைத் திருத்தி, ஒப்படைப்பு மதிப்பெண்களோடு சேர்த்து, தாள் எல்லாருக்குமே கடினமாக இருந்ததா என்று பார்த்து, தேர்வாளர் குழு ஒப்புதல் தந்த பிறகே முடிவு வெளியாகும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை நள்ளிரவில் இணையத்தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பதில் பயனில்லை. வெளியாகும் தேதியைப் பல்கலைக்கழகமே அறிவித்திருக்கும், அதை நாள்காட்டியில் குறித்துவிடலாம்.

காத்திருக்கும் நாள்களில் செய்வதற்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. முடிவு வந்த பிறகு, தகுதியுள்ள பாடத்தின் மதிப்பெண்ணை ஜிபிஏ கணக்கில் சேராமல் ஒதுக்கிவைக்கும் 'எஸ்யூ' ஏற்பாடு பெரிதும் முதலாண்டு மாணவர்களுக்கானது என்றாலும், பயன்படுத்தாத யூனிட்டுகளில் ஒரு பகுதி பிறகும் கைவசம் இருக்கலாம். இந்தப் பாடத்துக்கு அது பொருந்துமா, எத்தனை யூனிட் மிச்சம் என்பதை இப்போதே பார்த்துவைக்கட்டும். 'சி' அல்லது அதற்கு மேல் வந்தால்தான் யூனிட் நிற்கும். 'டி' எடுத்துவிட்டு எஸ்யூ செய்தால் யூனிட்டும் போய்விடும். முடிவெடுக்கச் சில நாள்களே தரப்படுவதால், எது வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்பவர் அந்தப் படபடப்பில் தவறு செய்யமாட்டார்.

பாட்டியிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். தேதி தெரியாதவர்தான் தினமும் கேட்பார். (தேங்காயை இந்த வெள்ளிக்கிழமையே உடைக்கலாமே! பிள்ளையாருக்கு ஜிபிஏ ஒரு நிபந்தனையா என்ன?) தூக்கமின்மையும் பசியின்மையும் இப்படியே நீடித்தால், பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள். "வாழவே பிடிக்கவில்லை" என்பதுபோல் ஒரு சொல் வந்தாலோ, அன்றே, எந்த நேரமானாலும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

முடிவு வரும் காலையில் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்க வேண்டாம். அடுக்களையில் இருங்கள். அவரே வந்து சொல்லட்டும்.