பதில்: பிளாஸ்டிக் உறை இல்லாமல் பெட்டி அனுப்பலாமா?

வணக்கம். பருவநிலை மாற்றம் பற்றிய, எல்லோரும் ஒரே அணியாக ஆடும் பலகை விளையாட்டுக்கு மக்களிடம் நிதி திரட்டப் போகிறீர்கள், ஆனால் பிளாஸ்டிக் உறை இல்லாமல் அனுப்ப அச்சகம் தயங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

அச்சகத்திடம் 'டேபிரேக்' என்ற பலகை விளையாட்டின் பெட்டியைக் காட்டுங்கள். அதுவும் பருவநிலை மாற்றம் பற்றிய கூட்டு விளையாட்டுதான். 'பாண்டெமிக்' என்ற பலகை விளையாட்டைச் செய்த மாட் லீகாக், மட்டேயோ மெனபாச்சேயுடன் சேர்ந்து வடிவமைத்தது. 2022-இல் பேக்கர்கிட் தளத்தில் நிதி திரட்டி, பிளாஸ்டிக் இல்லாமலே தயாரித்தார்கள். 2024-இல் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான சிறந்த விளையாட்டுக்குத் தரும் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதும் அதற்குத்தான்.

பெட்டி விளிம்பில் வட்டத் தாள் ஸ்டிக்கர், சீட்டுக்கட்டைச் சுற்றித் தாள் பட்டை, மரக் காய்கள். இவ்வளவு போதும். பலரும் கோட்டைவிடுவது சீட்டின் மேற்பூச்சில். லேமினேஷன் என்றால் அதுவும் பிளாஸ்டிக் படலம்தான்; நீர் சார்ந்த வார்னிஷ் கேட்டு, மாதிரிச் சீட்டுகளை வாங்கி நூறு தடவையாவது கலைத்துப் பாருங்கள். உறை இல்லாத பெட்டி வழியில் உரசத்தான் செய்யும். அதை நிதி திரட்டும் பக்கத்திலேயே படத்தோடு சொல்லிவிடுங்கள். மாற்றிக் கொடுக்கச் சில பிரதிகளைக் கூடுதலாக அச்சிடுங்கள்.

பணக் கணக்கில், நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் திரண்ட தொகையில் 5 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அனுப்பும் செலவை இப்போதே விலைக்குள் அடக்காதீர்கள். அச்சு முடிந்து எடை தெரிந்த பிறகு, பணம் கொடுத்தவர்களிடம் அதைத் தனியாக வாங்குங்கள்.

இலக்கைத் தாண்டிய உற்சாகத்தில் யாராவது பிளாஸ்டிக் பொம்மை கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். அந்தப் பணத்தில் தடிமனான அட்டை போடுங்கள்.