எங்க ஊருக்கு ஸ்பிரிங் எப்பங்ம்மா வரும்?

அண்ணா, வணக்கம்.

போன மாதம் நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கிளுவை வேலி, வெள்வேல மரத்து நிழல், ஆடு மாட்டோடு வளர்ந்தது எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் முடிக்கும்போது, “இன்றைய பிள்ளைகளுக்கு மண் தெரியாது, பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மாலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு உறுத்தியது.

நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்சண்டைசர். வீட்டுக்காரர் நிட்டிங்கில் இருக்கிறார். பையனுக்கு ஆறு வயது, பாப்பாவுக்கு மூன்று. லைன் வீடு. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் கம்பெனிக்குத்தான். கிடைக்கிற ஞாயிறில் பாதி துணி துவைக்கவே சரியாகிவிடும். போன தடவை வெளியே கிளம்பும்போது மணி பதினொன்று. பையன் போனைக் கேட்டு அழுதான். பாப்பா என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. திரும்பி வரும்போது நானும் இவரும் பேசிக்கொள்ளவில்லை. “இந்த வெயில்ல புள்ளைகளத் தூக்கீட்டு எங்க போறீங்க?” என்று மாமியார் முன்பே கேட்டார். அவர் கேட்டதும் சரிதானோ என்று தோன்றுகிறது.

போன வாரம் பையன் பள்ளிப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினான். மஞ்சள் பூ, முயல், பச்சைப் புல். “எங்க ஊருக்கு ஸ்பிரிங் எப்பங்ம்மா வரும்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பேனாவைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டிச் சமாளித்தேன்.

தோட்டம் இல்லாத நாங்கள் பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப் போவது? அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பேனா ஸ்பிரிங்கைப் படித்துவிட்டுச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அப்புறம் என் கட்டுரையை எடுத்து அந்த மால் வரியைப் பார்த்தேன். எழுதும்போது சுகமாக இருந்த வரி. இப்போது வாசித்தால், திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எல்லாம் குறை சொல்லும் பெரியவர் மாதிரி இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கட்டுரையில் பாதியைச் சொல்லாமலும் விட்டுவிட்டேன். என்னை யாரும் கொறங்காட்டுக்கு ‘கூட்டிப் போகவில்லை’. அம்மா பக்கத்துக் காட்டில் கடலைக்குக் களை வெட்டப் போவார். வீட்டில் விட்டுப்போக ஆள் இல்லை, அதனால் போனேன். வெள்வேல மரத்தில் கட்டிய தூளியில் தங்கச்சி கிடப்பாள், அதை ஆட்டுவது என் வேலை. ஊர் சுற்றல் என்று பார்த்தால் வருடத்துக்கு ஒன்று. சித்திரையில் கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தைக்கு அப்பாரு, அதாவது தாத்தா, போகும்போது நானும் ஒட்டிக்கொள்வேன். அப்பாரு எனக்கென்று எதையும் காட்டியதில்லை. மாட்டின் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார், துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார், படியவில்லை என்றால் அடுத்த மாடு. அரை நாளும் அதுதான். எனக்குச் சலித்துப்போகும். அப்படிச் சலித்துப்போய் நின்ற ஒரு மத்தியானத்தில்தான் மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது என்பதைக் கண்டுபிடித்தேன். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். நானே கண்டுபிடித்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது சுத்தமாக மறந்துவிட்டேன். அப்போது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. ஒரு பங்குனி ஞாயிறு ஓர் அணைக்குக் கிளம்பினோம். அணையின் பெயர் வேண்டாம், அதன் மேல் தப்பில்லை. இட்லி சாப்பிட்டு, துணி மாற்றி, தொப்பி தேடி, கிளம்பும்போது பத்தரை. இரண்டு பஸ் மாறினோம். இரண்டாவது பஸ்ஸில் மகள் வாந்தி எடுத்தாள். இறங்கும்போது மணி ஒன்று. பூங்காவில் இரும்புச் சறுக்குமரம் ஒன்று இருந்தது. நான்தான் “ஏறு கண்ணு” என்றேன். பங்குனி மாதத்து ஒரு மணிக்கு அது தோசைக்கல்லாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவாடை மேலே ஏறிக்கொள்ள, தொடையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்துவிட்டது. தூக்கிக்கொண்டு குழாயைத் தேடி ஓடினேன். குழாயில் வந்த தண்ணீரும் சுட்டது. அதற்கப்புறம் அணையை யார் பார்த்தார்கள்?

அன்றைக்கு ராத்திரி என் மனைவி ஒன்றுதான் கேட்டார். “புள்ளைகளுக்கு அணை எதுக்குங்க, தண்ணி இருந்தாப் பத்தாதா?”

அடுத்த ஞாயிறு நான் எழும் முன்பே, ஆறரை மணிக்கு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சூலூர்ப் பெரியகுளத்துக் கரைக்குப் போய்விட்டார். கையில் ஒரு தூக்குப்போசி, அதில் இட்லி. எட்டரைக்குத் திரும்பி வந்தார்கள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சமாதானப்படுத்த வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குளத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகாயத்தாமரை, கரையில் மேயும் மாடு, அப்புறம் முக்குளிப்பான். புறாவைவிடச் சின்னப் பறவை. வால் இருக்கிறதா என்றே தெரியாது, உருண்டையாக மிதக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முங்கிவிடும், எங்கே எழும் என்று சொல்ல முடியாது. மகன் ஒரு இடத்தைக் கை காட்டுவான், அது வேறு இடத்தில் எழும். மகள் எண்ணுவாள். அவளுக்குப் பன்னிரண்டு வரைக்கும்தான் தெரியும், பறவை அதற்குள் எழாது. அதனால் பன்னிரண்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். பறவை எழுந்ததும் “பன்னண்டும் நாலும்!” என்று கத்துவாள். இது முக்கால் மணி நேரம் நடந்தது. நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவர்களுக்கு இது பழகின விளையாட்டு. நான் ஒருவன்தான் புது ஆள், எனக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் சித்திரை வரை விடாமல் போனோம். ஆரம்பத்தில் மங்கலாக இருந்த அந்தப் பறவையின் கழுத்து போகப் போகச் செம்பழுப்பாக மாறியது, அலகின் ஓரத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு புள்ளி எடுப்பாகத் தெரிந்தது. “பொட்டு வெச்சிருக்குதுங்ப்பா” என்று முதலில் சொன்னவள் மகள்தான். அது இனப்பெருக்க காலத்து நிறமாற்றம் என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் எங்கே கூட்டிப்போவது என்று கேட்டீர்கள். ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள் என்பேன். உங்கள் பாப்பா ஒரே கதையை எத்தனை தடவை கேட்பாள்? நடுவில் ஒரு வார்த்தை மாறினால் பிடித்துக்கொள்வாள் இல்லையா? இடத்துக்கும் அதே கணக்குதான். முதல் தடவை இடம் புதிது, இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். இரண்டாம் தடவை இறங்கிச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றாம் தடவை முன்னால் ஓடுவாள். நாம் முதல் தடவையோடு நிறுத்திவிட்டு அடுத்த ஞாயிறு வேறு புது இடம் தேடுகிறோம். பாப்பா மறுபடி இடுப்பில் ஏறிக்கொள்கிறாள். நமக்குத்தான் பார்த்த இடம் சலிக்கிறது.

இனி பையன் கேட்டதற்கு வருகிறேன். ஏட்டுக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். நம் பக்கத்து மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று கிழவிகள் இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போதே வேம்பும் புங்கனும் இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். பையன் புத்தகத்தில் இருக்கிற குளிர்நாட்டில் இலை உதிர்வது ஒரு பருவம், துளிர்ப்பது இன்னொரு பருவம், நடுவில் மாதக்கணக்கில் குளிர். இங்கே புங்கமரம் இரண்டையும் சில வாரங்களுக்குள் முடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிறு மொட்டை, கொஞ்ச நாளில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் தளிர். வேம்பில் தளிர் செம்பு நிறத்தில் வரும், பின்னாலேயே பூ. புங்கன் பூத்தால் மரத்தடியில் பொரி சிதறிய மாதிரி கிடக்கும். சட்டென்று வந்து போகிற வசந்தம் என்பதால் புத்தகத்தில் படம் போட நேரம் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

உங்கள் லைன் வீட்டுத் தெருவில் ஒரு வேம்போ புங்கனோ இல்லாமல் இருக்காது. திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்ட்டில் சிவப்பாக ஒரு துண்டு எடுத்து, பையன் கைக்கு எட்டுகிற கொப்பில் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். ஞாயிறுக்கு ஞாயிறு அந்தக் கொப்பை மட்டும் பார்க்கட்டும். பழைய ரவிக்கைத் துண்டை வைத்து என் மனைவி செய்தது இது, என் யோசனை இல்லை.

இன்னும் கொஞ்சம் தூரம் போக முடியுமென்றால் ஊத்துக்குளி வட்டத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறதே, உங்களுக்குப் பக்கம்தான். 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பறவைகள் கிளம்பிப்போகிற காலம் இது. வரித்தலை வாத்து கண்ணில் பட்டால் பையனுக்குக் காட்டுங்கள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். இமயமலையைத் தாண்டிப் பறக்கிற வாத்து அது. திபெத், மங்கோலியா பக்கம் பனி உருகும் சமயத்தில் முட்டை வைக்கத் திரும்பிப் போகிறது. பையன் படத்தில் பார்த்த ஸ்பிரிங்குக்கு அதுதான் போகிறது. அடுத்த தடவை போகும்போது அது இல்லாவிட்டாலும் நல்லதுதான், எங்கே போனது என்று அவனே கேட்பான்.

மாரியம்மன் நோம்பியை, அதாவது திருவிழாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் மாமியார் ஊரில் பங்குனியிலோ சித்திரையிலோ நோம்பி இருக்குமே. முக்கால்வாசிப் பேர் கடைசி நாள் கூட்டத்துக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். அந்த நெரிசலில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிவது பெரியவர்கள் இடுப்பு மட்டும். அதற்குப் பதில் கம்பம் நட்ட ஓரிரண்டு நாளில் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். கோயில் முன்னால் முக்கிளைக் கம்பம் நிற்கும். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், பாப்பாவும் ஒரு சின்னச் சொம்பில் ஊற்றலாம். இருட்டினதும் கிளை நடுவில் பூவோடு என்கிற நெருப்புச் சட்டியை வைப்பார்கள், சுற்றி ஆட்டம். அப்புறம் மாவிளக்கு அன்றைக்கு இன்னொரு தரம் போனால் “நான் தண்ணி ஊத்துன மரம்” என்று அவளே அடையாளம் சொல்வாள். கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விடுகிற நாளில் கொஞ்சம் அழக்கூடும். என் மகள் அழுதாள்.

சரி, மற்ற சில்லறை விஷயங்கள். உங்கள் மாமியார் சொன்னது முழுக்கச் சரி, வெயிலில் கூட்டிப் போகாதீர்கள். ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு வந்துவிடுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், மரத்தின் பெயர் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். வீட்டுக்காரர் தூங்கட்டும். மூன்றாவது ஞாயிறு அவரும் செருப்பை மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். குளக்கரையில் சீமைக்கருவேல முள் கிடக்கும், பிள்ளைகளுக்கு நல்ல செருப்பு வேண்டும். மதகுப் பக்கம் பாப்பா கையை விடாதீர்கள். போன் விஷயத்தில் உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. என் பிள்ளைகள் அந்த வயதில் இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்த போனில் பாம்பு விளையாட்டு மட்டும்தான் உண்டு, அதற்கே சண்டை வரும்.

அலுப்பாக இருக்கிற ஞாயிறில் எங்கேயும் போக வேண்டாம். மாலுக்குப் போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள் அம்மிணி. அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையோடு வெளியே போகிற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொறங்காட்டுக் கட்டுரை எழுதியவன் யோசிக்கவே இல்லை.

கொப்பில் துணி கட்டினால், எந்த ஞாயிறு தளிர் வந்தது என்று பையனை எழுதச் சொல்லுங்கள். எங்கள் வாசல் புங்கன் நேற்று வரை மொட்டையாகத்தான் நிற்கிறது.

அன்புடன்,
சூலூரிலிருந்து அண்ணன்