வாசகர் கேள்வி – பதில்: குளிர்காலத்தில் வெளியில் வளரும் ஆமைகள்

கேள்வி: ஐயா, நாங்கள் 8 ஆண்டுகளாக ஒரு சல்கேட்டா ஆமையை வளர்த்துவருகிறோம். இதுவரை குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்திருந்தோம். இப்போது 25 கிலோவைத் தாண்டிவிட்டதால், தோட்டத்தில் மரக்குடில் அமைத்து, வைக்கோல் பரப்பி, மேலிருந்து ஒரு வெப்ப விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். காலையில் தொட்டால் முதுகின் உச்சி சுடுகிறது. ஆனால் ஆமையோ அசையாமல் கிடக்கிறது. ஆமைகள் குளிர்காலத்தில் உறங்கும் என்கிறார்களே, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் உறங்குபவை ஹெர்மன் ஆமை, ரஷ்ய ஆமை போன்ற சில இனங்கள் மட்டுமே. சகாராவின் தென்விளிம்பைச் சேர்ந்த சல்கேட்டாவின் உடலில் அந்த உறக்கத்துக்கு இடமில்லை. சிறுத்தை ஆமைக்கும் சிவப்புக்கால் ஆமைக்கும் இது பொருந்தும். உங்கள் ஆமை குளிரால் இயக்கம் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த நிலையில் தின்ற புல் செரிக்காமல் குடலிலேயே தங்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றும், நுரையீரலில் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். ஆமைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச் சுவர்) இல்லாததால், சேர்ந்த சளியை இருமி வெளியேற்றுவது அதற்கு மிகவும் கடினம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது அந்த விளக்குதான். ஓடு என்பது முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் ஒன்றிப்போன, உயிருள்ள எலும்பு. பெரிய ஆமையின் மேல் ஒற்றை விளக்கை எரியவிட்டால், வெப்பம் உச்சியில் குவிகிறதே தவிர, தரையை ஒட்டியிருக்கும் கால்களுக்கும் வயிற்றுக்கும் போய்ச் சேருவதில்லை. உடல் இன்னும் சூடேறவில்லை என்பதால் ஆமையும் அங்கிருந்து நகராமல் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஆமை ஒன்றின் முதுகில் உள்ளங்கையளவுக்குத் தகடு வெளுத்து, விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. அதே ஆமையின் முன்னங்கால் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தபோது சில்லென்று இருந்தது. வைக்கோலுக்கு மேல் விளக்கு தொங்குவதால் தீவிபத்து அபாயமும் இருக்கிறது. ஆகவே அதை இன்றே கழற்றிவிட்டு, புதிய ஏற்பாடு முடியும்வரை ஆமையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

சூடாக்க வேண்டியது குடிலின் காற்று முழுவதையும். அதற்குக் குடில் சிறியதாக, ஆமை தாராளமாகத் திரும்பும் அளவுக்கு இருந்தால் போதும். சுவர், கூரை, தரை மூன்றிலும் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே தெர்மோகோல் வைத்து மூடுங்கள். தெர்மோகோல் வெளியே தெரிந்தால் ஆமை கடித்து விழுங்கிவிடும். வாசலில் ஒன்றன்மேல் ஒன்று படியும் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிடுங்கள். உள்ளே எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரை ஒரு மூலையில் நிறுத்தி, ஆமை முட்டித் தள்ளாதபடி உறுதியான மரத்தடுப்பு கட்டி, தெர்மோஸ்டாட்டில் (வெப்பநிலையைச் சீராக வைக்கும் கருவி) இணைத்து, இரவு முழுவதும் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நிலவும்படி செய்யுங்கள். வெப்பம் மேலேறும் இயல்புடையது என்பதால் தெர்மோஸ்டாட்டின் உணரியை ஆமையின் முதுகு உயரத்திலேயே பொருத்த வேண்டும். கூரையருகே பொருத்தினால், ஆமை குளிரில் கிடக்கும்போதே ஹீட்டர் நின்றுவிடும். மின் இணைப்பை மின்கசிவுத் தடுப்பானோடு தேர்ந்த மின்பணியாளரே செய்யட்டும்.

குளிரோடு ஈரமும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். மேலே பொன்னிறமாக இருக்கும் வைக்கோலை விலக்கிப் பார்த்தால் அடியில் சிறுநீரில் ஊறிக் கறுத்துப் பூசணம் பிடித்திருக்கும். அதை அவ்வப்போது முழுவதுமாக மாற்றுங்கள். வெயிலுள்ள உலர்ந்த பகலில் ஆமையை வெளியே உலவ விடலாம். ஆனால் வெயில் சாய்வதற்குள் உள்ளே சேர்த்து வாசலை அடைத்துவிடுங்கள். தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வேலியோரத்தில் ஒதுங்கிய ஆமை உடல் குளிர்ந்துவிட்டால் குடில்வரை நடக்காது. மூக்கில் நீர்க்குமிழி, விசில் போன்ற மூச்சொலி, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுவிடுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஹெர்மன் ஆமை தோட்டத்து மண்ணில் புதைந்து உறங்கியது. நடுக்குளிர்காலத்தில் எழுந்து நடமாடுகிறது. மீண்டும் உறங்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உறக்கத்துக்கு ஏற்றது சுமார் 5 டிகிரி. 10 டிகிரியைத் தாண்டினால் ஆமை விழித்துக்கொண்டு சேமித்த கொழுப்பைச் செலவழிக்கத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே போனாலோ கண்பார்வை போகலாம், உயிரும் போகலாம். தோட்டத்து மண்ணில் இந்த இரண்டையும் நாம் கட்டுப்படுத்த முடியாது. இப்போது வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் அமர்த்தி, நீர் குடிக்க விட்டு, எஞ்சிய குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் வெப்பமும் வெளிச்சமும் கொடுத்து உணவூட்டுங்கள். அடுத்த முறை, உறக்கத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்து, குடல் காலியாகச் சில வாரங்கள் உணவை நிறுத்தி (தண்ணீரை நிறுத்தக்கூடாது), உறங்கும் காலத்திலும் எடைபோட்டு வாருங்கள். தொடக்க எடையில் 10 சதவீதம் குறையுமுன்பே எழுப்பிவிட வேண்டும்.

கேள்வி: உறங்கும் ஆமைக்கு எலிகளால் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. அசைய முடியாத ஆமையின் கால்களையும் முகத்தையும் எலிகள் உயிரோடு கொறித்துவிடும். ஆமை உறங்கும் பெட்டியின் காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் எலி நுழையாத நெருக்கமான கம்பிவலையால் மூடுங்கள். பிளாஸ்டிக் வலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.