பீட்டா செல்லைக் கொன்றது யார்? கேள்வி பதில்

இன்று மாலை முழுக்க உங்கள் கேள்விகளுக்காக உட்கார்ந்திருக்கிறேன். டைப் 1 எனப்படும் தன்னெதிர்ப்பு நீரிழிவில் நோயெதிர்ப்பு செல்களுக்கு என்ன பங்கு என்பதுதான் பொருள். நான் ஆய்வுக்கூடத்துக்காரன், டி செல்கள் என்ற வெள்ளணுக்களை வளர்ப்பதும் எண்ணுவதும் என் பிழைப்பு. மருத்துவர் அல்ல, ஆகவே ஊசி அளவு கேட்காதீர்கள். இங்கே எதைப் படித்தாலும் இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதை இன்னும் சில முறை சொல்வேன்.

புதியவள்: வழக்கமான சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

டைப் 2-இல் இன்சுலின் இருக்கும். உடல் அதற்குச் செவிசாய்க்காது, போகப்போகச் சுரப்பும் தளரும். டைப் 1-இல் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களையே நோயெதிர்ப்பு மண்டலம் அழித்துவிடுகிறது. பெயர்தான் ஒன்று.

உயிரியல் மாணவி: ஐயா, ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது பீட்டா செல்லின் பொருட்களைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பார்த்துத்தான் டைப் 1 என்று உறுதி செய்கிறார்கள். அப்படியென்றால் பீட்டா செல்லைக் கொல்வது ஆன்டிபாடிதானே?

இல்லை அம்மா. இந்தக் கேள்விக்காகவே வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைப் 1 உள்ள தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. குழந்தை அவற்றோடு பிறக்கிறது, சர்க்கரை நோயோடு பிறப்பதில்லை. சில மாதங்களில் அவை மறைந்தும் போகின்றன. இன்னொன்று: பி செல்களே இல்லாமல், அதனால் ஆன்டிபாடி உண்டாக்கவே முடியாமல் பிறந்த ஒரு சிறுவனுக்கு டைப் 1 வந்தது 2001-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கத்தியே இல்லாத வீட்டில் கத்திக்குத்து நடக்குமா?

சரி, யார்தான் கொல்கிறார்கள்? 1965-இல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே இறந்தவர்களின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். பீட்டா செல்கள் குடியிருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மொய்த்திருந்தன. பின்னாளில் அந்தக் கூட்டத்தை வகை பிரித்தபோது முன்னணியில் நின்றவை சிடி8 என்ற கொல்லும் வகை டி செல்கள். ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். சிடி8 செல் அதைத் தடவிப் பார்த்து, தனக்குப் பிடிபட்ட துணுக்கு என்றால் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, செல்லைச் சாகடிக்கும் கிரான்சைமை உள்ளே செலுத்துகிறது. சிடி4 என்ற உதவி டி செல்கள் அதற்கு உத்தரவும் ஊக்கமும் தருகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் அழற்சிப் பொருட்களைக் கொட்டுகின்றன. பி செல்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் ஆன்டிபாடி வழியாக அல்ல. டி செல்களுக்குத் துணுக்குகளைக் காட்டிக்கொடுப்பவையாக. பி செல்களை ஒழிக்கும் ரிடுக்சிமாப் மருந்தைப் புதிதாக நோய் வந்தவர்களுக்குக் கொடுத்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில் சுரப்பின் வீழ்ச்சி சிறிது காலம் தள்ளிப்போனது, நிற்கவில்லை.

என்னை உலுக்கிய சான்று வேறு. 1980-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், டைப் 1 உள்ளவர்களுக்கு அவர்களுடைய ஒரே கரு இரட்டையரின் கணையத்தில் பாதியைப் பொருத்தினார்கள். மரபணு ஒன்றே என்பதால் உடல் உறுப்பை நிராகரிக்காது. எதிர்ப்பை அடக்கும் மருந்தும் தேவையில்லை என்று நினைத்தார்கள். உறுப்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் சில வாரங்களில் சர்க்கரை ஏறத் தொடங்கியது. திசுவை எடுத்துப் பார்த்தால் திட்டுகளில் அதே டி செல் கூட்டம். பீட்டா செல்கள் மட்டும் அழிந்திருந்தன, பக்கத்திலிருந்த, வேறு ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் தப்பியிருந்தன. பல ஆண்டு கழித்தும் டி செல்கள் தங்கள் இலக்கை மறக்கவில்லை.

ஒரு தந்தை: மகளுக்கு ஒன்பது வயதில் வந்துவிட்டது. பத்து வயது மகனுக்குச் சோதித்ததில் இரண்டு ஆன்டிபாடிகள் இருக்கின்றன, சர்க்கரை இயல்பாக இருக்கிறது. நாங்கள் தூங்கி ஒரு மாதம் ஆகிறது.

புரிகிறது ஐயா. இன்சுலின், ஜிஏடி, ஐஏ-2, துத்தநாகக் கடத்தி 8 என்ற நான்கு பீட்டா செல் புரதங்களில் இரண்டுக்கோ அதற்கு மேலோ ஆன்டிபாடி இருந்து சர்க்கரை இயல்பாக இருந்தால் அது முதல் நிலை. சர்க்கரை தடுமாறத் தொடங்கினால் இரண்டாவது. அறிகுறியோடு வெளிப்படுவது மூன்றாவது. இரண்டு ஆன்டிபாடிகள் உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. இதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை.

ஆனால் முன்பே தெரிந்திருப்பது சிறிய விஷயம் அல்ல. திடீரென்று கீட்டோஅமிலத்தன்மையோடு, அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகி, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு ஓடும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. இரண்டாம் நிலைக்கு ஒரு மருந்தும் இருக்கிறது: டெப்லிசுமாப். டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற பகுதியில் போய் ஒட்டி அதன் வேகத்தைத் தணிக்கிறது. 14 நாள் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். 76 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், மருந்து பெறாதவர்களுக்கு நோய் வெளிப்பட இடைநிலையாக 24 மாதமும், பெற்றவர்களுக்கு 48 மாதமும் ஆனது. 2022 நவம்பரில் அமெரிக்கா எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது. இது ஒத்திப்போடும் மருந்து, தடுக்கும் மருந்து அல்ல. குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் உங்கள் மகனைத் தொடர் கண்காணிப்பில் வையுங்கள். மகளின் இன்சுலின் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது.

நலம்விரும்பி: எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தானே இந்த நோய்? அதைக் கூட்டும் மருந்து சாப்பிடலாமா?

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இங்கே எதிர்ப்பு குறையவில்லை, வழி தவறியிருக்கிறது. புற்றுநோய்க்காக டி செல்களின் பிடி-1 என்ற கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்துகளைப் பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, அதுவரை இல்லாத தன்னெதிர்ப்பு நீரிழிவு வந்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் டானிக் உண்மையிலேயே அப்படி வேலை செய்தால் அதைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

மொழிப்பித்தன்: வேலியே பயிரை மேய்ந்த கதை! ஆனால் வேலிக்கு ஏன் பசித்தது?

இந்தப் பழமொழியை எப்போது யார் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். அது இங்கே பாதிதான் பொருந்தும். பீட்டா செல்லை அடையாளம் காணும் டி செல்கள் நோயில்லாதவர்களின் ரத்தத்திலும் இருக்கின்றன. உங்களிடமும் என்னிடமும் உண்டு.

டி செல்கள் தைமஸ் சுரப்பியில் தேர்வு எழுதுகின்றன. உடலின் புரதங்களை, இன்சுலின் உட்பட, அங்கே சிறிதளவு காட்டுவார்கள். அதைப் பார்த்துச் சீறும் செல் அங்கேயே ஒழிக்கப்படும். தைமஸில் இன்சுலினைக் கூடுதலாகக் காட்டும் மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு. அந்தச் சல்லடையிலும் சில நழுவும். நழுவியவற்றை அடக்கிவைப்பது ஒழுங்குபடுத்தும் டி செல்கள். அவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் சகாகுச்சி, பிரன்கோவ், ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகி அந்தச் செல்கள் இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பலருக்குச் சில வாரங்களிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது.

அமுதா: ஆன்டிபாடியை ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுத்துவிட்டால் குணமாகாதா?

மேலே மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சந்தேகப்பிராணி: எல்லாப் பழியையும் டி செல்மேல் போடுகிறீர்கள். எல்லோரிடமும் அந்தச் செல்கள் இருக்கின்றன என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, குற்றம் பீட்டா செல்மேல் இருக்கக் கூடாதா?

வந்துவிட்டீர்களா! 1986-இலேயே நோயெதிர்ப்பு ஆய்வாளர் பொட்டாசோ இதைக் கேட்டார்: பீட்டா செல்லின் சாவு கொலையா, தற்கொலையா? உங்கள் தரப்பை நானே வாதாடுகிறேன். நோயுற்ற திட்டுகளில் எச்எல்ஏ தட்டு அளவுக்கு மீறி நிரம்பியிருக்கிறது. தூண்டப்பட்ட பீட்டா செல் நிமிடத்துக்குச் சுமார் பத்து லட்சம் புரோஇன்சுலின் (இன்சுலினின் முன்வடிவம்) மூலக்கூறுகளைத் தயாரிக்கக் கூடியது. அந்த நெருக்கடியில் துணுக்குகள் தவறாக ஒட்டி, தைமஸ் பார்த்தேயிராத கலப்புத் துணுக்குகள் உருவாகின்றன. டி செல் பார்வையில் அது அந்நியன்.

சந்தேகப்பிராணி: அப்புறம் என்ன? வழக்கு முடிந்தது.

முடியவில்லை. எச்எல்ஏ ஆல்ஃபா செல்களிலும்தான் நிரம்பியிருக்கிறது, அவை சாகவில்லையே? இரட்டையர் கணையம் நல்ல ஆரோக்கியமான உறுப்பு, அது ஏன் அழிந்தது? கையைக் காட்டி அழைத்தது பீட்டா செல்லாகவே இருக்கட்டும், துளை போட்டது டி செல்.

உயிரியல் மாணவி: ஐயா, பாரிசிட்டினிப் என்ற மருந்தின் ஆய்வு எந்தப் பக்கம்?

நல்ல குறுக்கீடு. 2023-இல் வெளியான அந்த ஆய்வில், புதிதாக நோய் வந்தவர்களுக்கு 48 வாரம் மாத்திரை கொடுத்ததில் சுரப்பு ஓரளவு காப்பாற்றப்பட்டது. அது அடைக்கும் சமிக்ஞைப் பாதை டி செல்லிலும் உண்டு, பீட்டா செல்லிலும் உண்டு. ஆகவே இரண்டு கட்சியும் அதைத் தங்கள் வெற்றி என்று சொல்லிக்கொள்கின்றன.

சந்தேகப்பிராணி: கணையத்திலிருந்து திசு எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதானே?

நார்வேயில் பார்த்தார்கள். புதிதாக நோய் வந்த ஆறு பெரியவர்களிடம் கணையத்தின் வால்பகுதியில் சிறு துண்டு எடுத்தார்கள். சிக்கல்கள் வந்ததால் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது நாங்கள் பெரும்பாலும் இறந்தவர்கள் தானமாகத் தந்த கணையங்களை வைத்துத்தான் வாதாடுகிறோம். தீ அணைந்த பிறகு சாம்பலைக் கிளறுவது போன்ற வேலை.

செய்திப்பிரியன்: எலியில் குணப்படுத்திவிட்டார்களாமே?

எலிக்கு வாழ்த்துகள். தானாகவே நீரிழிவு வரும் என்ஓடி சுண்டெலி 1980-இல் ஜப்பானில் அறிமுகமானதிலிருந்து அதை எத்தனையோ வழிகளில் காப்பாற்றியாகிவிட்டது. மனிதரிடம் பலித்தவை மிகக் குறைவு.

ஒரு தாய்: தடுப்பூசியால் வருகிறதா?

இல்லை. போடுங்கள்.

கதிரொளி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட...

மேலே பாருங்கள். அங்கேயும் புரியவில்லை என்றால் இன்னொரு முறை மேலே பாருங்கள்.

தங்கை: அண்ணனுக்கு நோய் தெரிந்து இரண்டு மாதம். ஊசித் தேவை பாதியாகக் குறைந்துவிட்டது. டி செல்கள் அடங்கிவிட்டனவா? நிறுத்திவிடலாம் என்கிறார்.

கூடாது. இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். வெளியிலிருந்து இன்சுலின் போனதால் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் மூச்சு வாங்கி மீண்டும் சுரக்கின்றன. டி செல்கள் எங்கேயும் போகவில்லை. அளவைக் குறைப்பது அவருடைய மருத்துவரின் முடிவு. நிறுத்துவது யாருடைய முடிவாகவும் இருக்கக் கூடாது.

“பாருங்கள், ஓய்வு கொடுத்ததும் பீட்டா செல் எழுந்துவிட்டது, அப்படியானால் குற்றவாளி யார்?” என்று சந்தேகப்பிராணி இந்நேரம் எழுதத் தொடங்கியிருப்பார். எழுதுங்கள் ஐயா. சாப்பிட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.